முதல் பத்து நகர்வுகள்



என் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்பினால் கோடிழுத்த சதுரங்கக் கட்டம் ஒன்று இருந்தது. அதன்மேல்தான் நான் ஆட்டம் பயின்றேன். அங்கே சிப்பாய் எப்போதும் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். ராஜா, எதிரியின் முற்றுகைக்கு ஆளாகாத வரையில், ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். கோட்டை கட்டுதல் என்பது கிடையாது. இவ்விதிகள் ஊருக்கு ஊர் சிறிது மாறுபடும் எனினும், நம் நாட்டுச் சதுரங்கத்தின் பொதுவான போக்கு அதுவே. பின்னர் நான் ஆசிரியனாகிப் பள்ளியில் சதுரங்கக் கழகம் ஒன்றை நடத்த நேர்ந்தபோது, சர்வதேச விதிகளைப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அப்போது நான் செய்த பிழை ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கூர்மையான மாணவன் ஒருவனுக்கு 'ரூய் லோபஸ்' என்னும் தொடக்கத்தின் பன்னிரண்டு நகர்வுகளை மனப்பாடம் செய்வித்து, மாவட்டப் போட்டிக்கு அனுப்பினேன். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஒருவரின் பெயரால் வழங்கும் தொடக்கம் அது. எதிரே அமர்ந்த சிறுவன் ஐந்தாம் நகர்வில் புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடினான். என் மாணவன் கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே தோற்றான். திரும்பி வந்து, "ஐயா, மந்திரி அந்தக் கட்டத்துக்கு ஏன் போகவேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே!" என்றான். எனக்கே அது தெரியாது, எப்படிச் சொல்லியிருப்பேன்?

ஆட்டத்தின் தொடக்கம் என்பது என்ன? வெள்ளைக்காரர் முதல் நகர்வை இருபது விதங்களில் ஆடலாம். எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ செல்லலாம். இரு குதிரைகளுக்கும் இரண்டிரண்டு வழிகள் உண்டு. கறுப்புக்கும் அவ்வாறே இருபது. ஆகவே இருவரும் ஒருமுறை ஆடி முடித்ததும் 400 நிலைகள் தோன்றக்கூடும். என் பாட்டனாரின் விதிப்படி கணக்கிட்டுப் பாருங்கள். ராஜாவின் தாவலைச் சேர்க்காவிடில் பன்னிரண்டு பெருக்கல் பன்னிரண்டு, அதாவது 144. இந்த வேறுபாடு எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. இரண்டு கட்டம் பாயும் சிப்பாய் இருந்தால் முதல் சில நகர்வுகளிலேயே நடுப்பலகையில் மோதல் மூண்டுவிடுகிறது. இல்லாவிடில் இரு சேனைகளும் தொலைவில் நின்று நெடுநேரம் அணிவகுக்கலாம். அணிவகுக்கும்போது இழைத்த சிறு தவற்றைப் பின்னால் திருத்திக்கொள்ளவும் அவகாசம் உண்டு. மோதல் மூண்ட பிறகு அந்த அவகாசம் ஏது?

இதை விளக்க மீர் சுல்தான் கானின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. பஞ்சாபில் பிறந்த அவர் நம் நாட்டு விதிகளிலேயே ஆடிப் பழகியவர். 1928இல் அகில இந்தியப் பட்டம் வென்றார். அவரை ஆதரித்த சர் உமர் ஹயாத் கான் 1929இல் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பயிற்சிக்கென நடந்த ஒரு சிறு போட்டியில் அவர் கடைசி இடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். காரணம் வெளிப்படையானது. பிறர் ஆண்டுக்கணக்கில் கற்றறிந்த முதல் பத்து நகர்வுகளை அவர் பலகையின் முன் அமர்ந்து தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அக்காலத்து வழக்கு எத்தகையது தெரியுமா? 1927இல் காபபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 ஆட்டங்கள் ஒரே தொடக்கத்தில் அமைந்தவை! ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைக் கொடுப்பதுபோல் முன்னிறுத்தி நடுப்பலகையைக் கேட்கும் 'குவீன்ஸ் காம்பிட்' அது. கறுப்பு அதை ஏற்க மறுப்பார். உலகின் முதல்வர்கள் எதை ஆடுகிறார்களோ அதைத்தான் தேசியப் போட்டிகளும் பின்பற்றும். துணிக்கடையில் காணும் மோகம் சதுரங்கத்திலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வின்டர், யேட்ஸ் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் இருவர் சுல்தான் கானுக்குத் தொடக்கங்களைக் கற்பித்தனர். அதே 1929ஆம் ஆண்டில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் தேசியப் போட்டியில் அவரே முதல்வரானார். 1932இல் இலண்டனிலும் 1933இல் ஹேஸ்டிங்ஸிலும் மீண்டும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது. நான்கு தடவை முயன்று மூன்று தடவை வென்றிருக்கிறார்! 1933இல் மகளிர் பட்டத்தை வென்றவரும் அதே சர் உமரின் வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணியே.

சில மாதப் பயிற்சியில் ஒருவர் எல்லாத் தொடக்கங்களையும் கற்றுவிட முடியாது. அவர் என்ன செய்தார் என்பதற்கு ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். அது தேசியப் போட்டியன்று. 1930-31 ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் காபபிளாங்காவை அவர் வென்ற ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான் ஐந்தாம் நகர்வில், ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளினார். நேரத்தை வீணாக்கும் நகர்வு என்று தோன்றும். ஆனால் கறுப்பு மந்திரி பாய்ந்து வந்து வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போடக்கூடிய கட்டத்தை அச்சிப்பாய் அடைத்துவிட்டது. குதிரை கட்டுண்டால் நடுப்பலகை வலுவிழக்கும். கட்டுண்ணாவிட்டால் வலுவாக நிற்கும். ஏறத்தாழ இதே கருத்துடைய ஆட்டமுறை பிற்காலத்தில் உலக முதல்வர் பெட்ரோசியனின் பெயரால் வழங்கலாயிற்று. ஒற்றைக் கட்டச் சிப்பாய் நகர்வில் ஊறிய கைக்கு அது இயல்பாக வந்திருக்கும் என்பது என் ஊகம், மெய்ப்பிக்க இயலாது.

புத்தகத்தை முற்றும் அறிந்தவர்கள் நடுவிலும் தொடக்கங்கள் மாறிக்கொண்டே இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அமெரிக்கரான பாபி பிஷர் 1960இல் ஸ்பாஸ்கியிடம் 'கிங்ஸ் காம்பிட்' என்னும் பழைய தொடக்கத்தில் தோற்றார். சினங்கொண்ட அந்த இளைஞர் 1961இல் அத்தொடக்கத்தை அடியோடு மறுத்துக் கட்டுரை எழுதினார். ஆனால் 1963-64 அமெரிக்கத் தேசியப் போட்டியில் எவன்ஸை எதிர்த்து அவரே அதை ஆடி வென்றுவிட்டார். இது முரண்பாடன்று. கட்டுரையில் அவர் மறுத்தது மூன்றாம் நகர்வில் குதிரை வரும் வழியை. ஆடியது மந்திரி வரும் வழியை. ஒரு தொடக்கம் 'செத்தது' என்று எல்லாரும் நம்பி அதைப் படிப்பதை விட்டுவிட்டால், அதுவே அதன் வலிமையாகிறது. அந்தப் போட்டியில் அவர் ஆடிய பதினோர் ஆட்டங்களையும் வென்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் தேசியப் போட்டி 1955இல் ஏலூரில் தொடங்கியது. சாப்ரேயும் வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்நாளில் பல ஊர்களிலும் திண்ணை விதிகளே செல்வாக்குடன் இருந்தன. 1959 முதல் 1981 வரையில் ஒன்பது தடவை தேசியப் பட்டம் வென்ற நம் மானுவேல் ஆரோன்தான் சர்வதேச முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். 1962இல் ஸ்டாக்ஹோமில் கடைசி இடமே பெற்றார் எனினும், போர்டிஷ், உல்மன் ஆகிய பெரும்புள்ளிகளை அங்கே வீழ்த்தினார்.

சுல்தான் கான் 1933இன் இறுதியில் தாயகம் திரும்பினார், 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல்.

என் மாணவனுக்கு அந்த ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினேன். ஐந்தாம் நகர்வில் நிறுத்தி, "இச்சிப்பாய் ஏன்?" என்று கேட்டேன். அவன் கறுப்பு மந்திரியை எடுத்து, அது போகவிருந்த கட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மெல்ல எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.