பாட்டிலில் ஒரு பெயர்

2011இல் ஆஸ்திரேலியாவில் கோக-கோலா நிறுவனம் தன் பாட்டில்களில் அந்நாட்டில் பரவலாக வழங்கும் 150 பெயர்களை அச்சிட்டு விற்பனைக்கு விட்டது. வாங்கி நண்பருக்குக் கொடுங்கள் என்பதே அந்தப் பிரச்சாரத்தின் அழைப்பு.

தங்கள் பெயரையோ தோழியின் பெயரையோ கடையில் கண்டவர்கள் அதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். உத்தியின் உயிர் இங்குதான் இருக்கிறது. நிறுவனம் வெளியிடும் விளம்பரத்தைப் பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். தெரிந்தவர் போட்ட படத்தை நின்று பார்ப்பார்கள், தங்கள் பெயரும் உண்டா என்று தேடிப் போவார்கள். வாடிக்கையாளரே சம்பளம் வாங்காத விளம்பரதாரர் ஆகிவிடுகிறார். இது அவருக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் அந்த உழைப்பின் பலன் சர்க்கரை மிகுந்த ஒரு பானத்தின் விற்பனைக்கே போகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் ஒதுங்கிவிடவில்லை. விரும்பிய பெயரை அச்சிட்டுத் தர வணிக வளாகங்களில் ஏற்பாடு இருந்தது. சிட்னி கிங்ஸ் கிராஸில் உள்ள பெரிய விளம்பரப் பலகையில், குறுஞ்செய்தியாக வந்த பெயர்கள் ஒளிர்ந்தன.

பின்னர் இந்தப் பிரச்சாரம் பல நாடுகளுக்குப் பரவியது. 2014 கோடையில் அமெரிக்காவில் 250 பெயர்களும் அவற்றோடு ஒரு ஹேஷ்டேக்கும் வந்தன. சீனாவில் இயற்பெயர்களுக்குப் பதிலாக இணையத்தில் புழங்கும் செல்லப்பெயர்கள் இடம்பெற்றன. 2018இல் இந்தியாவுக்கு வந்தபோது, பாட்டில்களில் உறவுமுறைப் பெயர்கள் பல இந்திய மொழிகளில் அச்சாயின.