வெட்டாத கோடரி, குத்தாத வேல்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், மீரியபெத்த போன்ற தேயிலைத் தோட்டங்களில் கழுத்துச் சங்கிலியில் சின்ன வேல் தொங்குவது வழக்கமான காட்சிதான். அதை ஆயுதமென்று யாரும் அஞ்சுவதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறோம். போரைவிட்டு விலகிய ஆயுதத்துக்கே மதிப்பு கூடுகிறது என்பேன். இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று சீனாவில் இருக்கிறது. ஹாங்சௌ நகருக்கு அருகே, கி.மு. 3300 முதல் 2300 வரை தழைத்த லியாங்சூ பண்பாட்டின் ஃபான்ஷான் இடுகாட்டை 1986இல் அகழ்ந்தார்கள். அங்கே பன்னிரண்டாம் கல்லறையில் ஒரு ஜேட் கோடரி கிடைத்தது. அதன் வாய்ப்பக்கத்து மேல்மூலையில் தெய்வ உருவம், கீழ்மூலையில் பறவை. வெட்டிப் புழங்கிய தடயமே இல்லை.

ஜேட் எளிதில் உடையாத கல்லாயிற்றே, சண்டைக்கே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். வெட்டுவதற்குச் சாதாரணக் கல்லே போதும். எளியவர் கல்லறைகளில் கிடைப்பதும் கற்கோடரிதான். மணலும் நீரும் இட்டு நெடுநாள் தேய்த்தால்தான் ஜேட் வடிவம் பெறும். அவ்வளவு உழைப்பையும் ஒருவருக்காகச் செலவிட வைத்ததே அதிகாரம். இன்று சீனர் அணியும் ஜேட் கோடரிப் பதக்கம் இயந்திரத்தில் கடைந்த வெறும் மோஸ்தர் என்பாரும் உண்டு. செய்முறை மாறியது உண்மைதான். ஆனால், காவல் வேண்டித்தான் பலர் அதை அணிகிறார்கள். நம் வேலும் அப்படியே.