வீட்டுப் போனை வெட்டுவதற்கு முன்

போன மாதம் கிளினிக்குக்கு வந்த ஓர் அக்காள் கேட்டார்: "டிரெசர் ஐயா, மவன் வீட்டுப் போனை வெட்டிடச் சொல்றான். எல்லார் கையிலயும் போன் இருக்கு, இது எதுக்குங்கிறான்."

நியாயமான கேள்விதான். மணியே அடிக்காத போனுக்கு மாதாமாதம் காசு கட்டுவது யாருக்கும் வலிக்கும். ஆனாலும், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் வெட்டாதீர்கள் என்றேன். காரணத்தை உங்களிடமும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு. லயத்தின் கடைசி வீட்டுப் பெரியவருக்கு வாய் கோணி, வலக் கை விழுந்துவிட்டது. பக்கத்து வீடு காலி. கரண்டு இல்லை. பாட்டியின் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. இருட்டில் வெளியே போகப் பயந்து, பெரட்டுக்கு ஆள் நடமாடும் வரை அவர் கைகளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதற்கு முன் ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரி சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. பெரியவர் பிழைத்தார், கை திரும்பவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் போன் வைத்திருந்த மேசை அப்படியே இருந்தது. போன்தான் இல்லை.

பழைய செப்புக் கம்பிப் போனுக்கு வேண்டிய மின்சாரம் போன் நிலையத்திலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருகிறது. வீட்டில் கரண்டு போனாலும் பேசலாம். ஃபைபர் போன் அப்படியல்ல. மோடம் அணைந்தால் அதுவும் அணைந்துவிடும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற கம்பியில்லாப் போனுக்கும் வீட்டுக் கரண்டு வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது எது? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் மோடத்துக்கு ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கி வைக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். (இடி மின்னல் நேரத்தில் கம்பிப் போனில் ஊர்க்கதை பேச வேண்டாம். அவசரத்துக்கு மட்டும், சுருக்கமாக.)

போன் இருந்தால் மட்டும் போதாது. 999-ஐ அழைத்தால் எங்கே என்று கேட்பார்கள். பதற்றத்தில் நம்மவர்கள் தோட்டத்துப் பேரைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். தோட்டத்துக் கடிதம் ஆபீசுக்குத்தானே வருகிறது? அந்த முகவரியை மட்டும் சொன்னால் ஆம்புலன்சும் ஆபீசு வாசலில்தான் நிற்கும். ஆகவே போனுக்கு மேலே சுவரில் ஒரு கடுதாசி ஒட்டுங்கள். தோட்டம், டிவிஷன், வீட்டு எண், பெரிய ரோட்டிலிருந்து எந்தச் சந்தில் திரும்புவது, கோயிலா பள்ளியா எது அடையாளம் என்பதை மலாயில் எழுதுங்கள். கீழே நோயாளி சாப்பிடும் மருந்துகளின் பெயர். பேசி முடித்ததும் ஓர் ஆள் டார்ச்லைட்டோடு சந்துமுனைக்குப் போகட்டும்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களும் இதே கடுதாசியை ஒட்டலாம். உங்கள் கம்பெனி லைன் கிடைக்காவிட்டால் 112 அடித்துப் பாருங்கள்; வேறு கம்பெனி லைன் அங்கே எட்டினால் அதன் வழியாக 999-க்கே போகும். எந்த லைனும் எட்டாத பள்ளத்து வீட்டில் அதுவும் உதவாது.

அந்த அக்காள் போன வாரம் பிரஷர் பார்க்க வந்தார். போனை வெட்டவில்லையாம். கடுதாசியைப் பேத்தி எழுதி ஒட்டியிருக்கிறாள். "எல்லாருக்கும் பெரிய எழுத்தா எழுதச் சொல்லுங்கய்யா. அந்த நேரத்துல கண்ணாடிய எங்க போயித் தேடறது?" என்றார்.