வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: காசு இருந்தும் விசா கைநழுவுவது ஏன்?

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மாவடிப்பள்ளி. இந்த ஊரிலிருந்து தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் ஒரு மாணவி, ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படிக்கத் தெரிவாகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பித்தல் கட்டணம் இல்லை. மாதாந்தப் புலமைப்பரிசில் உண்டு. ஊரே வாழ்த்துகிறது. ஆனால் விமானம் ஏறும்வரை எதுவும் உறுதி இல்லை. அவருக்கும் அந்த வகுப்பறைக்கும் இடையில் ஒரு கோப்பு நிற்கிறது: விசா விண்ணப்பக் கோப்பு.

தென்கிழக்குப் பல்கலைக்கழகமே போரின் பிள்ளைதான். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமானது. அந்த மாணவர்களின் பிள்ளைகள் இன்று வெளிநாட்டு வாய்ப்புகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இவர்களில் பலரை நிறுத்துவது திறமைக் குறைவு அல்ல, சில வேளை காசுக் குறைவும் அல்ல. காசு இருப்பதைக் காட்டும் கடதாசி இல்லாமைதான்.

விசா அதிகாரி உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். வயலைப் பார்க்கமாட்டார். உங்கள் குடும்பத்தின் நாணயத்துக்கு ஊரில் யார் சாட்சி என்றும் கேட்கமாட்டார். கோப்பில் இருப்பதை மட்டுமே அவர் வாசிப்பார். ஆகவே ஆயத்தம் என்பது, உங்கள் வாழ்க்கையை அவர் வாசிக்கக்கூடிய கடதாசியாக மாற்றும் வேலை. அதற்கு ஆறு மாதமாவது வேண்டும்.

எந்த விசா, எந்தத் தூதரகம்?

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஷெங்கன் குறுகியகால விசா, எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மட்டுமே. ஒரு செமஸ்டர் நான்கைந்து மாதம் நீளும். எனவே அந்தந்த நாடு தன் சட்டப்படி வழங்கும் நீண்டகால, அதாவது 'டி' வகை விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். இதற்குக் கூடுதல் ஆவணங்களும் கூடுதல் வாரங்களும் தேவை.

அடுத்த கேள்வி, விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பது. ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து ஆகியவற்றுக்குக் கொழும்பில் தூதரகம் இருக்கிறது. போலந்து, ஸ்பெயின், போர்த்துக்கல் போன்றவை இலங்கையைப் புதுடில்லித் தூதரகத்திலிருந்தே கவனிக்கின்றன. சமாதானப் பேச்சுக் காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான நோர்வேகூட 2023 இல் கொழும்புத் தூதரகத்தை மூடிவிட்டது. நேர்முகத்துக்குப் புதுடில்லி வரச் சொன்னால் இந்திய விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் என்று ஒரு தனிச் செலவு சேரும். எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிவுசெய்யும் நாளிலேயே இதையும் பார்த்துவிடுங்கள்.

பிரித்தானியாவின் விதி வேறு. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஆறு மாதம் வரையான படிப்புக்குப் பொதுவான வருகையாளர் விசாவே போதுமானதாக இருக்கலாம். அதைவிட நீண்ட படிப்புக்கு மாணவர் விசா. அதில் தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்படலாம்.

நேர்முகத் திகதியை எடுக்கும்போது காலநிலையையும் எண்ணிப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை இப்பகுதி வெள்ளக் காலம். 2024 நவம்பர் 26 அன்று மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிச் சென்றது இந்த வீதியில்தான். அந்த மாதங்களில் கொழும்பில் நேர்முகம் இருந்தால் இரண்டு நாள் முந்தியே புறப்படுங்கள். எந்தத் திகதிக்காகவும் வெள்ளத்தைக் கடக்காதீர்கள். திகதியை மாற்றலாம்.

ஒரு ஆள், மூன்று பெயர்

பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர். தேசிய அடையாள அட்டையில் முதலெழுத்துகளோடு இன்னொன்று. உயர்தரப் பெறுபேற்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. 'முஹம்மது' என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்படுகிறது. தமிழ்ப் பெயர்களிலும் தந்தை பெயர் முன்னே வருவதா பின்னே வருவதா என்ற குழப்பம் உண்டு. எங்களுக்கு இது சாதாரணம். கோப்பை வாசிக்கும் அதிகாரிக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அளவுகோலாக வையுங்கள். அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு, விமானச் சீட்டு, காப்புறுதி எல்லாம் அதன்படியே இருக்கட்டும். பழைய சான்றிதழ்களில் மாறியிருந்தால், "இப்பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்யுங்கள். அவரிடமும் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நான்காவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறந்துவிடும்.

கடவுச்சீட்டே இன்னும் இல்லையென்றால் முதல் வேலை அதுதான். 2024 இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் பற்றாக்குறையால் பத்தரமுல்லையில் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறக்க வேண்டாம். ஷெங்கன் நாடுகளுக்கு, திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் ஆவணங்களை உறுதிப்படுத்தும்படி தூதரகம் கேட்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். கடைசி வாரத்தில் செய்யும் வேலை அல்ல அது.

காசின் தடயம்

எங்கள் குடும்பங்களின் காசு எங்கே இருக்கிறது? கொஞ்சம் நகையில், கொஞ்சம் சீட்டில், கொஞ்சம் நெல்லில். சாச்சா கட்டாரிலிருந்து உண்டியலில் அனுப்பியது அலுமாரியில். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லாவற்றையும் திரட்டி ஒரே நாளில் வங்கியில் போடுகிறோம். இதுவரை சில ஆயிரம் ரூபா மட்டுமே இருந்த கணக்கில் திடீரென்று 20 லட்சம். 'இது கடன் வாங்கிக் காட்டிய காசு' என்று அதிகாரி சந்தேகிக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

எவ்வளவு காட்ட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜேர்மனி 2024 செப்ரெம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்கிடுகிறது. ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. ஒரு யூரோ 350 ரூபா என்று வைத்தால் 17 லட்சத்து 36 ஆயிரம் ரூபா. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஐரோப்பாவுக்குப் போகும் மாணவருக்கு, நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை கிடைக்கும். 900 கிடைத்தாலும் மாதம் 92 யூரோ குறைகிறது. ஐந்து மாதத்துக்கு 460 யூரோ, ஏறத்தாழ 1 லட்சத்து 61 ஆயிரம் ரூபா. அந்த மீதியைக் குடும்பம் காட்டும்படி கேட்கப்படலாம். 'புலமைப்பரிசில் இருக்கிறது, காசு காட்டத் தேவையில்லை' என்று எவரும் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஆறு மாதம் முன்பே செய்யக்கூடியவை இவை:

வெளிநாட்டு உறவினரின் உதவி இனி உண்டியலில் அல்ல, வங்கி வழியாக நேரே கணக்குக்கு வரட்டும். அனுப்பும் செலவு கொஞ்சம் கூடலாம். ஆனால் உண்டியல் காசுக்குத் தடயம் இல்லை, வங்கிக் காசுக்கு உண்டு.

நெல் விற்ற காசு போகத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வரும். அது குற்றமில்லை, விளக்கம்தான் வேண்டும். விற்ற பற்றுச்சீட்டையும் கமநல சேவை நிலையத்தில் காணி பதிந்திருப்பதற்கான கடிதத்தையும் வங்கிக் கூற்றோடு இணையுங்கள். அப்போது மொத்த வைப்பு சந்தேகமாக இல்லாமல் வருமானமாகத் தெரியும்.

வட்டி வேண்டாம் என்பதால் வங்கியையே தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. நிலையான வைப்பு கட்டாயமில்லை. நடைமுறைக் கணக்கோ இஸ்லாமிய வங்கி முறைக் கணக்கோ போதும். அதிகாரி தேடுவது வட்டியை அல்ல, காசு வந்துபோன வரலாற்றை.

நகை அடகு வைத்துப் பெற்ற காசு கடன்தான். அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள். காணி அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் அதை விரும்பியபடி விற்க முடியாது. எனவே உறுதிக் காணியைப் போல அதற்குப் பெறுமதி காட்ட முடியாது. ஆனால் ஊரில் உங்களுக்கு வேர் இருக்கிறது, திரும்பி வருவீர்கள் என்பதற்கு அது சான்று.

'காசு காட்டித் தருகிறோம்' என்று வரும் முகவர்களிடமிருந்து விலகியிருங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் பிரித்தானியா 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்களை மறுக்கலாம். ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் மறுப்பு 5 ஆண்டுகள் நிற்கும். முகவர் காசோடு போய்விடுவார். பதிவு உங்கள் பெயரில் இருக்கும்.

போர் விட்டுச்சென்ற வெற்றிடங்கள்

இந்தக் கரையில் பல வீடுகளில் ஆவணங்கள் இல்லை. சிலருடையது இடம்பெயர்வில் தொலைந்தது. சிலருடையதை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது. கணினிமயமான பிறப்புப் பதிவுகளின் பிரதியை இப்போது நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். பதிவு நடந்த மாவட்டத்துக்கே போகத் தேவையில்லை.

தந்தை காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் 'அனுசரணையாளர்: தந்தை' என்ற கட்டம் வெறுமையாக நிற்கும். அதை வெறுமையாகவே விட்டுவிடுவது அதிகாரிக்குப் புதிர். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் பெற்ற குடும்பங்கள் உண்டு. இறந்தார் என்று எழுத மனம் இடம்கொடாதவர்களுக்காக, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்ற வழியைத் திறந்தது. அதைப் பெறுவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. ஒரு விசாவுக்காக எவரும் அந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பெற்றிருந்தால் அதன் மொழிபெயர்ப்பை இணைக்கலாம். இல்லையென்றால் அம்மாவோ உம்மாவோ, உழைக்கும் அண்ணனோ காக்காவோ அனுசரணையாளராகலாம். குடும்ப நிலையை விளக்கும் ஒரு பக்கக் கடிதமும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் உடன் இருக்கட்டும். இரக்கத்தைக் கேட்டு எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

விமானச் சீட்டு

விசா கிடைக்கும் முன் சீட்டுக்கு முழுக் காசு கட்டாதீர்கள். பெரும்பாலும் முற்பதிவு விபரமே போதும். வாங்கும்போது திரும்பும் திகதியை மாற்றக்கூடிய இருவழிச் சீட்டாகப் பாருங்கள். பரீட்சைத் திகதிகள் மாறும்.

மலிவு என்று இரண்டு விமானச் சேவைகளில் தனித்தனியாகச் சீட்டு வாங்குவதில் ஆபத்து உண்டு. நடுவில் பொதியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்கப்படலாம். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது சீட்டின் காசும் போகலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஷெங்கன் விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே விசா தேவைப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. பிராங்போர்ட் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ வேறு நாட்டுக்குப் போகிறவர் கட்டாயம் விசாரித்தே சீட்டு வாங்க வேண்டும்.

முதல் ஆறு வாரம்

புலமைப்பரிசிலின் முதல் தவணை, போய்ச் சேர்ந்து, அங்கே பதிந்து, வங்கிக் கணக்குத் திறந்த பிறகே கைக்கு வருவது வழமை. கடைசிப் பகுதி சில வேளை செமஸ்டர் முடிந்த பின்பே வரும். அதற்கிடையில் வீட்டு முற்பணம், முதல் மாத வாடகை, போக்குவரத்து அட்டை, குளிருக்கு உடுப்பு என்று எல்லாம் முதல் வாரங்களிலேயே வந்துவிடும். இரண்டு மாதச் செலவையாவது சொந்தமாகக் கையில் வைத்துப் புறப்படுங்கள். கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால், அந்தத் தொகையை மட்டும் வாங்குங்கள். முழுச் செமஸ்டருக்கும் அல்ல.

வெளிநாட்டு நாணயத்தை வங்கியிலோ அனுமதிபெற்ற நாணயமாற்று நிலையத்திலோ வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். எல்லாவற்றையும் தாளாகக் கொண்டுபோகாமல் ஒரு பகுதியை வெளிநாட்டில் பயன்படுத்தக்கூடிய அட்டையில் வையுங்கள். வரவு செலவை யூரோவில் எழுதி, ரூபா வீழ்ந்தால் என்ன ஆகும் என்றும் கணக்கிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் வீட்டுக் காசை நம்பி வெளிநாட்டில் இருந்த மாணவர்களின் கையிருப்பு பாதியளவாகச் சுருங்கியது.

மறுத்தால்?

ஷெங்கன் குறுகியகால விசா மறுப்பு, காரணம் குறிக்கப்பட்ட படிவத்தோடு வரும். 'டி' விசாவுக்கு அந்தந்த நாட்டின் சட்டப்படி மேன்முறையீடு உண்டா, எத்தனை நாளுக்குள் என்று உடனே பாருங்கள். அதே நாளில் இரு பல்கலைக்கழகங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த செமஸ்டருக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்காமலே விட்டுவிட்டு வீட்டில் முடங்குவதுதான் பெரும் இழப்பு. குறித்த காரணத்தைத் திருத்தாமல் அதே கோப்பை மீண்டும் கொடுப்பதில் பயனில்லை.

மாவடிப்பள்ளி மாணவியிடம் திரும்புவோம். அவருக்குத் திறமை இருக்கிறது, இடம் கிடைத்திருக்கிறது, குடும்பத்தில் காசும் ஓரளவு இருக்கிறது. தெரிவுப் பட்டியல் வரும்வரை காத்திராமல், விண்ணப்பிக்க நினைத்த நாளிலேயே அவர் செய்ய வேண்டியவை மூன்று: கடவுச்சீட்டு எடுப்பது, பெயரை ஒன்றாக்குவது, வீட்டுக் காசை வங்கி வழியாக ஓடவிடுவது. இந்த முறை தெரிவாகாவிட்டாலும் இவை வீணாகாது. அடுத்த முறை கோப்பு ஆயத்தமாக இருக்கும்.