உடை உங்க இஷ்டம்... கேமராவுக்குத் தடா!

பஸ்ல பக்கத்து சீட் அண்ணாச்சிக்குத் தெரியாம, இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுப் படிக்கிற பார்ட்டி நீங்கதானே? தாராளமா விரிச்சே படிங்க பாஸ். இது 'அந்த மாதிரி' கட்டுரை இல்லை!

உடை இல்லாம கடல்ல குளிக்கிறது, வெயில் காயுறது... இதை ஒரு கொள்கையாவே வெச்சிருக்கிறவங்களுக்கு 'நேச்சுரிஸ்ட்'னு பேரு. 'அட, ஃபாரின் பழக்கம்'னு உதட்டைச் சுழிக்காதீங்க. உலகத்துலயே முதன்முதலா இதுக்குச் சங்கம் ஆரம்பிச்சதா பதிவாகி இருக்கிற ஊர், மும்பைக்குப் பக்கத்துல இருக்கிற தானே! வருஷம் 1891. ஆரம்பிச்சவர் சார்லஸ் எட்வர்ட் கார்டன் க்ராஃபோர்டு... அங்கே நீதிபதியா இருந்த ஆங்கிலேயர். மொத்த உறுப்பினர்களே 3 பேர்தான். அவருக்கு ரத்னகிரிக்கு டிரான்ஸ்ஃபர் வந்துச்சு... சங்கத்துக்கும் 'சுபம்' விழுந்துச்சு!

இன்னிக்கு இந்தியாவுல சட்டப்படி அனுமதி உள்ள நிர்வாணக் கடற்கரை ஒண்ணுகூட கிடையாது. நடிகர் மிலிந்த் சோமன் கோவா கடற்கரையில் உடை இல்லாம ஓடுற போட்டோவை 2020-ல் வெளியிட்டார். உடனே போலீஸ் கேஸ்! இப்போ இருக்கிற பாரதிய நியாய சம்ஹிதாவோட 296-ம் பிரிவுப்படி, பொது இடத்துல ஆபாசமா நடந்து மத்தவங்களுக்கு எரிச்சல் கொடுத்தா 3 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஸோ, நம்ம ஊர்ல யாரும் ட்ரை பண்ண வேணாம் மக்கா!

சரி, நீங்க எம்.எஸ். படிக்க கனடாவுல இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டிக்குப் போறீங்கன்னு வெச்சுக்குங்க. வான்கூவர் கேம்பஸ் ஓரத்துல அடர்த்தியான காடு. காடு முடியுற இடத்துல செங்குத்தா இறங்குற மேடு. சுமார் 500 படி. சதுரகிரி ஏறின காலுக்கு இதெல்லாம் ஜுஜுபி! கீழே இறங்கினா பசிபிக் கடல், ஒதுங்கிக் கிடக்கிற பெரிய பெரிய மரக்கட்டைகள்... அதுதான் 'ரெக் பீச்'. 7 கிலோமீட்டருக்கும் மேல நீளுற கடற்கரை. கனடாவிலும் பொது இடத்துல நிர்வாணமா நிக்கிறது சட்டப்படி குற்றம்தான். ஆனா இங்கே அனுமதி உண்டு. 'இதுக்கு மேல உடை உங்க இஷ்டம்'னு அரசாங்கமே போர்டு வெச்சிருக்கு.

'இஷ்டம்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. கழற்றித்தான் ஆகணும்னு யாரும் உங்களை இழுக்க மாட்டாங்க. ஜீன்ஸோடவே உட்கார்ந்து கடலைப் பார்த்துட்டு வரலாம். ஆனா, ரெண்டு விஷயத்துல சமரசமே கிடையாது. ஒண்ணு, வெறிச்சுப் பார்க்கக் கூடாது. ரெண்டு, அனுமதி கேட்காம போட்டோ எடுக்கக் கூடாது. தொப்பை, சுருக்கம், ஆபரேஷன் தழும்புனு எல்லா உடம்பும் அங்கே கூச்சமில்லாம நடமாடக் காரணம், உடை இல்லாதது இல்லைங்க... இந்த ரெண்டு ரூல்தான்!

இப்போ அப்படியே நம்ம வன்னியம்பட்டிப் பக்கம் வாங்க. செண்பகத்தோப்புக்கோ குற்றாலத்துக்கோ கிளாஸோட டூர் போறோம். பசங்க ஷார்ட்ஸைப் போட்டுக்கிட்டு 'ஹோய்'னு குதிச்சிடுவாங்க. பொண்ணுங்க நாங்க சுடிதாருக்கு மேல துப்பட்டாவையும் இறுக்கிச் சுத்திக்கிட்டு நிக்கிறோம். எங்க கண்ணு முதல்ல தேடுறது தண்ணியை இல்லை. எதிர்ப்பாறையில எவன் கையில செல்போன் தூக்கிப் பிடிச்சபடி இருக்குன்னுதான்! தலையை நனைச்சோமா, ஈரத்தோட பஸ் ஏறினோமான்னு முடிஞ்சுபோகுது எங்க அருவிக் குளியல். அங்கே உடையே இல்லாம நிம்மதி. இங்கே முழுசா மூடியும் பயம். எது நாகரிகம்னு நீங்களே சொல்லுங்க!

இது இன்னிக்கு நேத்து பிரச்னையும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியோட மூன்றாம் பத்துல இதைத்தான் பாடியிருக்காங்க. விடியறதுக்கு முன்னாடி குளிக்கப் போன பொண்ணுங்க துணியைக் கண்ணன் எடுத்து வெச்சுக்கிறான். மீன் காலைக் கடிக்குது, குடுத்துடுன்னு தண்ணியில நின்னுக்கிட்டே கெஞ்சுறாங்க. அது பக்தி. பாறை மேல செல்போனோட நிக்கிறவங்க யாரும் கண்ணன் இல்லை சாமி!

ஒரு பெண் உடை மாத்துற இடத்துல ஒளிஞ்சு பார்த்தாலோ, படம் எடுத்தாலோ அதே சம்ஹிதாவோட 77-ம் பிரிவு பாயும். முதல் தடவை 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில். மறுபடி மாட்டினா 3-ல இருந்து 7 வருஷம்!

ஆனா சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட் வரலாமே? அடுத்த டூர்ல உங்க கேங்குல ஒருத்தன் அருவிப் பக்கம் கேமராவைத் திருப்பினா, சிரிச்சுட்டு நகராதீங்க. 'உள்ளே வைடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்களுக்கு ரெக் பீச் எல்லாம் வேணாம் பாஸ்... துப்பட்டாவை மறந்துட்டு அஞ்சு நிமிஷம் அருவியில நிக்கணும், அவ்வளவுதான்!