கதை கட்டிய கோட்டை

கோட்டை இருந்தால் அதைச் சுற்றிக் கதை பிறக்கும். கதை பிறந்ததால் கோட்டை எழும்பியதுண்டா, நேயர்களே? இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், செங்குத்தான பாறை முனையில் இடிந்து நிற்கிறது டின்டேஜல் கோட்டை. பிரிட்டனின் பழங்கதை நாயகர் ஆர்தர் மன்னர் கருவானது இங்கேதான் என்று மான்மத் ஊர் எழுத்தாளர் ஜெஃப்ரி எழுதிவைத்தது 12ஆம் நூற்றாண்டில். கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் இந்தக் கோட்டையைக் கட்டியதோ ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து! போருக்குப் பெரிதாக உதவாத இடம் இது. அப்புறம் ஏன் கட்டினார்? ஆர்தரின் பெருமையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள்.

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா என்று கேட்பீர்கள். முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. இதே பாறையைத் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்து ஓடுகள் அவை. அதனால் ஆர்தர் இருந்தார் என்று ஆகிவிடாது. ஆனால், கடல் கடந்து பொருள் வரவழைத்த செல்வாக்கான தலைவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். அந்த நினைவே கதைக்கு வித்தாகியிருக்கலாம். ஆகவே, டின்டேஜல் போனால் ஆர்தரை அந்தச் சுவர்களில் தேடாதீர்கள். அவை அவருக்கு மிகவும் பிந்தியவை!