பழைய லாண்ட் ரோவருக்குப் புதிய விளக்கு

மலைப்பாதையில் இரவு வேளையிலே வாகனம் செலுத்தியவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். எஞ்சின் எத்துணை வலிமை வாய்ந்ததாயினும், நான்கு சில்லுகளும் மண்ணை எவ்வளவு உறுதியாகப் பற்றினாலும், அடுத்த வளைவில் வீதி எப்பக்கம் திரும்புகின்றது என்பது கண்ணுக்குப் புலப்படாவிடின் அவ்வலிமையால் யாதொரு பயனும் இல்லை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த லாண்ட் ரோவர் என்னும் வண்டி, சேற்றையும் பாறையையும் ஆற்றுநீரையும் கடக்கவல்லது. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் அது நெடுங்காலம் உழைத்தது. ஆயினும், அதன் முன்விளக்குகளைப் புகழ்ந்தவர் எவரும் இலர். மங்கிய மஞ்சள் ஒளியைக் கண்டு சலித்தவர்கள் இக்காலத்தில் எல். ஈ. டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி விளக்குகளை நாடுகின்றனர். அம்மாற்றத்தினால் விளையும் நன்மை யாது, அதில் மறைந்துள்ள இடர் யாது?

பழைய மின்குமிழில் மெல்லிய தங்குதன் இழையொன்று வெண்சூடாகி ஒளிர்கின்றது. அதற்கு ஊட்டப்படும் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே கழிந்துவிடும். எல். ஈ. டி.யிலோ இழை இல்லை. குறைகடத்திப் பளிங்கினுள் மின்னோட்டம் நேராகவே ஒளியாக மாறுகின்றது. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியைத் தரும் இருவாயியை 1962ஆம் ஆண்டில் நிக் ஹொலொன்யாக் என்னும் அமெரிக்கர் ஆக்கினார். வெண்ணொளிக்கு வழிதிறந்ததோ நீலநிற இருவாயியே. அதனைக் கண்ட அகாசாக்கி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியே வெண்மை பெறப்படுகின்றது. இச்செய்தி பின்னர் வேறோரிடத்தில் பயன்படும்.

ஆயினும், பழைய விளக்கு மங்கியிருப்பதற்குக் குமிழ்மட்டுமே காரணம் என்று கொள்வது அவசர முடிவாகும். பழைய லாண்ட் ரோவரில் முன்விளக்குக்கான மின்னோட்டம் முழுவதும் சாரதியின் கையருகேயுள்ள ஆளியினூடாகவே செல்கின்றது. பல ஆண்டுகள் பழகிய ஆளி, கறுத்துப்போன கம்பி, அலுமினியக் கலப்புலோக உடலும் உருக்குச் சட்டமும் சந்திக்குமிடத்தில் அரித்துப்போன புவித்தொடுப்பு ஆகியன ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக மின்னழுத்தத்தை விழுங்கிவிடுகின்றன. இழைக்குமிழோ இவ்விடயத்தில் மிகவும் கூச்சமுடையது. அழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். ஆதலின் புவித்தொடுப்புகளைச் சுரண்டித் துப்புரவாக்கி, தடித்த கம்பியும் றிலேயும் உருகியும் பொருத்தினால், பழைய குமிழே பலரையும் வியக்கவைக்கும். எல். ஈ. டி. வாங்க எண்ணுவோரும் இவ்வேலையை முதலில் முடித்துக்கொள்வதே முறை.

மின்சேமிப்பு என்னும் வாதத்தில் உண்மை உண்டு. 55 உவாற்றுக் குமிழ் இரண்டு எரியும்போது ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டம் செலவாகும். பழைய லூக்கஸ் சி40 டைனமோ தரக்கூடிய உச்ச அளவே 22 அம்பியர்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்வேளையில் அது தருவது மிகச் சொற்பம். மழையிரவில் கண்ணாடித் துடைப்பானும் முன்விளக்கும் பின்விளக்கும் ஒருங்கே இயங்கினால் பற்றரியே குறையை ஈடுசெய்ய வேண்டும். எல். ஈ. டி. விளக்கு அச்சுமையைப் பாதியாகவேனும் குறைக்கும்.

இனி, இடருக்கு வருவோம். சந்தையில் எளிதாகக் கிடைப்பது, பழைய விளக்கினுள் குமிழைமட்டும் கழற்றிவிட்டுச் செருகத்தக்க எல். ஈ. டி. குமிழ். விலையும் குறைவு, வேலையும் எளிது; ஆயினும் பெரும்பாலும் தவறானது. ‘எச் 4’ வகை முன்விளக்கின் தெறிகண்ணாடி, மயிரிழைபோன்ற ஓர் இழை குறித்த ஓரிடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. தாழ்த்திய ஒளிக்குரிய இழையின் அடியிலே சிறு உலோகத் தகடொன்றும் உண்டு. ஒளி மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணிற் படாவண்ணம் தடுப்பது அதுவே. தகட்டின் இருபுறமும் பதித்த எல். ஈ. டி. சில்லுகள் அவ்விழையின் உருவத்தையும் இடத்தையும் சரியாகப் பெறுவது அரிது. ஒளி நாற்புறமும் சிதறும். வண்டியின் முன்னே நிலம் பளிச்சென்று தோன்றுவதால் சாரதி மகிழ்வார். எதிரே ஒடுங்கிய பாலத்தில் வருபவரோ சில கணங்கள் குருடராவார். செங்குத்தான பள்ளத்தின் ஓரத்தில் அச்சில கணங்களே போதும்.

ஆதலின் மாற்றுவதாயின் விளக்கு முழுவதையும் மாற்றுவதே தக்கது. பெரும்பாலான பழைய லாண்ட் ரோவர்களில் ஏழு அங்குல வட்ட விளக்கே இருப்பதால், அதே அளவில் தனக்கெனத் தெறிப்பானும் வில்லையும் கொண்ட எல். ஈ. டி. விளக்குகள் கிடைக்கின்றன. வாங்குமுன் கண்ணாடியில் வட்டத்தினுள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்துடன் அங்கீகார முத்திரை உண்டா என்று நோக்க வேண்டும். இடப்புறம் வாகனம் செல்லும் நாட்டுக்கு ஆக்கப்பட்டதா என்பதையும் உசாவ வேண்டும். வலப்புறம் செல்லும் நாட்டுக்குரிய விளக்கு, தாழ்த்திய ஒளியின் ஒருபகுதியை வலப்புறமாக உயர்த்தி வீசும். பிரித்தானியாவிலோ இலங்கையிலோ அவ்வொளி நேரே எதிர்ச்சாரதியின் முகத்திற்குத்தான் செல்லும்.

சிறு விளக்குகளிலும் சில பொறிகள் உண்டு. 1967ஆம் ஆண்டளவுக்கு முற்பட்ட லாண்ட் ரோவர்களில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இருவாயி ஒருதிசையில் மட்டுமே மின்னைக் கடத்துவதாதலால், இக்காலக் குமிழ்கள் பல அவ்வண்டிகளில் எரியவே மாட்டா. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல். ஈ. டி. வைத்தால் ஒளி வெளிறித் தோன்றும். நீலத்தின்மீது மஞ்சள் பூசிப் பெற்ற வெண்மையில் செந்நிறம் குறைவன்றோ? அங்கே செந்நிற எல். ஈ. டி.யே வேண்டும். திரும்பற் சைகை விளக்கில் வேறொரு வேடிக்கை. பழைய மினுக்கி, குமிழ் இழுக்கும் மின்னோட்டத்தால் சூடாகியே துடிக்கின்றது. எல். ஈ. டி. இழுக்கும் மின்னோட்டம் அற்பமாதலால் அது ஒன்றில் அசையாது நிற்கும், அன்றேல் படபடவெனத் துடிக்கும். இலத்திரனியல் மினுக்கியொன்றை மாற்றினால் குறை நீங்கும். தடையொன்றைச் சேர்த்துப் பழைய சுமையைப் போலியாக ஏற்றுவோரும் உளர். மின்னைச் சேமிக்கவென்று தொடங்கியவர் அதனை வெப்பமாக்கிக் கழிப்பது விந்தையே.

எல்லாவற்றையும்விட மறைவான பொறி, சாரதியின் முன்னேயுள்ள சிவப்பு மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு. ஆல்டர்னேற்றர் பொருத்திய வண்டிகளில் அச்சிறு குமிழினூடாகச் செல்லும் மின்னோட்டமே ஆல்டர்னேற்றரைத் தட்டியெழுப்புகின்றது. அதனையும் எல். ஈ. டி. ஆக்கினால் அம்மின்னோட்டம் போதாது. மின்னேற்றம் தொடங்காமலே வண்டி ஓடும். பற்றரி வழியிலே உயிர்விடும். அவ்வொரு குமிழைப் பழையபடியே விட்டுவிடுவது நன்று. மலிவான எல். ஈ. டி. விளக்குகள் வானொலிப் பெட்டியில் இரைச்சலைக் கிளப்புவதுமுண்டு என்பதை, பயணத்தின்போது வானொலி கேட்போர் நினைவிற் கொள்ளலாம்.

பொருத்தி முடிந்தபின் சமதரையில், சுவரிலிருந்து பத்து மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்தித் தாழ்த்திய ஒளியைப் பார்த்தல் வேண்டும். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்திலும் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்ந்து விழுமாறு திருகாணிகளைத் திருப்ப வேண்டும். பின்புறம் ஆட்களும் மூட்டைகளும் ஏறினால் வில்தகடுகள் அமர்ந்து முன்புறம் நிமிரும். ஆதலின் வழமையான சுமையுடனேயே இதனைச் செய்வர் அனுபவசாலிகள். கழற்றிய பழைய விளக்குகளைத் துணியிற் சுற்றி ஆசனத்தின் கீழே வைத்திருப்பாரும் உண்டு. வண்டியை அதன் பழைய கோலத்திலேயே வாங்க விரும்புவோர் என்றேனும் வரக்கூடும்.